ஓடைக்கு அந்தப் பக்கம் இடித்த காப்பி

ஹுலைலைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் காப்பியைத்தான் சொல்வார்கள். ஐம்பத்திரண்டு வயது, தண்ணீர் லாரி ஓட்டுகிற வேலை, ஒரே மகன் என்பதெல்லாம் அப்புறம்தான் வரும். பாலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகும்போது மனுஷன் ரொட்டியை மறந்திருக்கிறார், கூடாரக் கம்பியை மறந்திருக்கிறார், ஒரு தடவை பெற்ற மகனையே பெட்ரோல் பங்கில் விட்டுவிட்டு முப்பது கிலோமீட்டர் போயிருக்கிறார். ஏலக்காய் டப்பாவை மட்டும் மறந்ததே கிடையாது. இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் போயிற்று. இப்போது அவர் பெயரைச் சொன்னால் ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

அந்த மாசி மாதத்து வியாழக்கிழமை காலை, ஸர்கா நகரத்தில் மூன்றாம் மாடி வாடகை வீட்டின் கூடத்தில் பாயை விரித்து, கொண்டுபோக வேண்டிய சாமான்களை அவர் பரப்பி வைத்திருந்தார். பெரிது, நடு, சின்னது என்று மூக்கு வளைந்த மூன்று பித்தளைக் கெண்டிகள். நீளக் காம்பு வைத்த இரும்பு வறுசட்டி. வெண்கல உரல், அதன் உலக்கை. துணியில் சுற்றிய பீங்கான் கிண்ணங்கள். ஒரு மூட்டை கரி. மனைவி துர்ஃபா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன, கல்யாண வீட்டுக்கா போறீங்க? ஃபிளாஸ்க்ல ஊத்தித் தரேன். எடுத்துக்கிட்டுப் போயிட்டு ஒழுங்கா வந்து சேருங்க."

"ஃபிளாஸ்க் காப்பியா? அதுல காலைக் கழுவலாம்."

"கழுவுங்க. சுத்தமாவாவது இருக்கும்." அவள் உள்ளே வந்து பாயின் ஓரத்தில் குந்தினாள். குரல் மாறிவிட்டது; மகன் ராகான் பேரோடு சேர்த்து, ராகானின் அப்பா என்று கூப்பிட்டாள். "அபூ ராகான், கரி போட்டா புகை வரும். அங்க வறுத்தா வாசம் வரும். உரல்ல இடிச்சா சத்தம் வரும். பிள்ளையக் காட்டிக்குடுக்க இதுல ஒண்ணு போதும். நீங்க மூணையும் மூட்டை கட்டிக்கிட்டு நிக்கிறீங்க."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. நல்ல காப்பிக்கு வேண்டிய ஒவ்வொரு சாமானும், காப்பி போடுகிறவன் எங்கே இருக்கிறான் என்று ஊருக்குச் சொல்லிவிடும். அதுவும் உரல் இருக்கிறதே, அது சொல்லுவதற்கென்றே செய்தது. எங்கள் பக்கத்தில் உரல் சத்தம் காதில் விழுந்தவன் எவனும் எழுந்து வந்து காப்பிக்கு உட்காரலாம், யார் எவர் என்று கேட்கக் கூடாது. வீட்டுக்கொரு இடி உண்டு. ஹுலைல் வீட்டு இடி, உரலின் வயிற்றில் மூன்று, விளிம்பில் ஒன்று, கொஞ்சம் மூச்சு விட்டு மறுபடி இரண்டு. ருஜைம் ஊரில் அதைக் கேட்டால் தூங்குகிறவன்கூட, அபூ ராகான் வீட்டில் காப்பி என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுப்பான்.

அந்தச் சத்தத்துக்கு இருபது வருஷம் தவறாமல் வந்தவர் பக்கத்து வீட்டு முக்பில். அவர் பின்னாலேயே அவருடைய மூத்த மகன் தாமிரும் வருவான்.

போன வருஷம் ஒரு சாயங்காலம், ருஜைமுக்கு வெளியே சாலை திரும்புகிற இடத்தில், தாமிரின் மோட்டார் சைக்கிள் மேல் தண்ணீர் லாரி ஏறியது. ஓட்டிக்கொண்டு வந்தவன் ஹுலைலின் மகன் ராகான், இருபத்திரண்டு வயசுப் பையன். இறங்கி ஓடிப் பார்த்துவிட்டு அப்பனுக்குத்தான் முதலில் போன் போட்டான்.

"யப்பா, தாமிர் மேல ஏத்திட்டேன் யப்பா. உசிரு இருக்கு. தண்ணி கேக்கிறான்."

ஹுலைல் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "விட்டுட்டு ஓடு. போலீஸ் ஸ்டேஷன்ல போய் உள்ள உக்காரு."

"தண்ணி கேக்கிறான் யப்பா."

"ஓடுடா!"

எங்களில் வேறு எவனாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான். ரத்தம் சிந்தினால் மூன்று நாளும் அதற்கு மேல் கொஞ்சமும் அது கொதிக்கும். அந்தக் கொதிப்பில் செத்தவனுடைய ஆட்கள் எதைச் செய்தாலும் கேள்வி இல்லை. அதனால் முதலில் ஓடு, மற்றதெல்லாம் பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள் என்று நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறோம். பையன் ஓடினான். பின்னால் தொட்டி நிறையத் தண்ணீரோடு லாரியை ஓட்டிக்கொண்டே ஓடினான். தாமிர் அங்கேயே கிடந்து செத்தான்.

ராகான் ஸ்டேஷனில் இருக்கும்போதே ஹுலைல் போய் அவன் காதோடு சொல்லிவிட்டார். "அடிபட்ட உடனே போயிட்டான், ஒரு வார்த்தை பேசல. இதைத்தான் சொல்லணும். அந்தத் தண்ணி விஷயத்தை முழுங்கிடு. செத்தாலும் வாயில வரக்கூடாது." பையன் முழுங்கினான். அன்றையிலிருந்து அவனுக்கு வேறு எதுவும் சரியாக இறங்கவில்லை, ஆள் பாதியாகிவிட்டான்.

பெரியவர்கள் கூட்டமாகப் போய் முக்பில் வீட்டில் உட்கார்ந்து, பழி வாங்காமல் இருக்கத் தவணை வாங்கினார்கள். கோர்ட்டு விஷயம் ஆறு மாதத்தில் முடிந்தது. ரத்த விஷயம் அப்படி முடிகிறதா? தவணைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஹுலைல் குடும்பம் ருஜைமை விட்டுப் போக வேண்டும், ஸுமைர் ஓடையைத் தாண்டித் திரும்பக் கிழக்கே கால் வைக்கக் கூடாது. ஓடைக்கு மேற்கே ராகானை எவனாவது தொட்டால் அது தவணைக்கு ஜாமீன் நின்ற பெரியவருக்கு அவமானம், அவர் ஆட்களே கேட்பார்கள். கிழக்கே தொட்டால் கேட்க நாதியில்லை.

அப்படிப்பட்ட ஓடைக்குப் பக்கத்தில்தான் இந்த மனுஷன் கூடாரம் போடப் புறப்பட்டார். ஏனென்றால் மழை அங்கேதான் பெய்திருந்தது. இடி இடித்து மழை பெய்த வருஷம் மணலுக்கடியில் கமா விளையும். உருளைக்கிழங்கு மாதிரி உருண்டு கிடக்கும் காளான். ஸர்காவிலும் அம்மானிலும் பாதி ஜனம் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தது. ராகான் ஒரு வருஷமாக அறையை விட்டு வெளியே வரவில்லை, இதற்காவது வரட்டும் என்றார் ஹுலைல். அதுவும் உண்மைதான். கீழ்வீட்டுக்காரி உரல் சத்தம் தலைவலி என்று சண்டைக்கு வந்ததில் ஒரு வருஷமாக மில் பொடி குடித்து அவர் நாக்கு செத்துப்போயிருந்ததும் உண்மைதான்.

துர்ஃபாவின் தம்பி அவ்வாத் அந்த நேரத்தில் பெரிய அட்டைப்பெட்டியோடு மாடிப்படி ஏறி வந்தான். செல்போன் கடை வைத்திருப்பவன், எந்தப் புதுச் சாமான் வந்தாலும் முதல் ஆளாக வாங்குபவன்.

"மச்சான், உங்க மியூசியத்தை ஓரமா தள்ளுங்க," என்று பெட்டியைப் பிரித்தான். உள்ளங்கையில் அடங்குகிற கேஸ் அடுப்பு. ஒன்றுக்குள் ஒன்று போகிற பாத்திரங்கள். குழாய் மாதிரி ஒரு கை அரவை. "புகை கிடையாது, சத்தம் கிடையாது. மொத்த எடை ஒரு கிலோ. உங்க உரல் மட்டும் அஞ்சு கிலோ இருக்கும்."

"இதுல என்னத்தைப் போடறது? கண் மையா?"

"போட்டுக்கங்க. இந்த வயசுல உங்களை யாரு பாக்கப்போறா?"

துர்ஃபா சிரிக்கவில்லை. "அவன் கொண்டுவந்ததை எடுத்துக்கிட்டுப் போறதா இருந்தா போங்க. இல்லேன்னா பிள்ளையை விட்டுட்டுப் போங்க," என்றாள்.

பேரம் ஒரு மணி நேரம் நடந்தது. ஹுலைல் கரியை விட்டுக்கொடுத்தார். கொட்டையை வீட்டிலேயே வறுத்துக்கொண்டு போவதாக ஒப்புக்கொண்டு, அங்கேயே அடுப்படியில் நின்று, எங்கள் வழக்கப்படி வெளிறிய மஞ்சள் நிறத்திலேயே இறக்கி ஆறவைத்தார். மூன்று கெண்டியில் இரண்டை விட்டார். அரவைக் குழாயை வாங்கிப் பைக்குள் வைத்தார். ஆஹா, எவ்வளவு நல்ல பிள்ளை! பிறகு துர்ஃபா ரொட்டி கட்டப் போன நேரம் பார்த்து உரலையும் உலக்கையையும் கம்பளிக்குள் சுருட்டி, அந்தக் கம்பளியைத் தானே தோளில் சுமந்து இறங்கி அவ்வாதின் பிக்கப்பில் போட்டார். எடுத்துப் போனால் இடிக்கவா போகிறோம், பக்கத்தில் இருந்தால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குடிகாரன் பாட்டிலை எடுத்து வைத்துக்கொள்கிற நியாயம் இது.

பிற்பகலில் ஹுலைல், ராகான், அவ்வாத் மூவரும் ஓடைக்கு மேற்கே போய் இறங்கினார்கள். ஓடை என்றால் தண்ணீர் ஓடுகிற ஓடை இல்லை. கறுப்புக் கற்களுக்கு நடுவே அகலமான மணல் பள்ளம். கூடாரம் அடித்தாயிற்று. காற்று மேற்கிலிருந்து ஒரே வீச்சாக வீசியது. அவ்வாத் அந்த விரல்கடை அடுப்பைப் பற்றவைத்தான். அணைந்தது. மறுபடி பற்றவைத்தான், அணைந்தது. முதுகால் மறைத்துப் பார்த்தான், தட்டை நிறுத்தி மறைத்துப் பார்த்தான். அரை மணி நேரம் கழித்து, அவ்வாத் கொண்டுவந்த மில் பொடியில் வந்த காப்பி வெதுவெதுப்பாக, மேலே தூள் மிதந்துகொண்டு இருந்தது.

ஹுலைல் ஒரு வாய் குடித்துவிட்டு மணலில் துப்பினார். "உங்கப்பன் சம்பாதிச்ச காசையெல்லாம் இப்படித்தான் தொலைக்கிறியாடா?"

"காத்து அடிச்சா நான் என்ன மச்சான் பண்ண?"

ஓடைக்கு எதிர்க்கரையில், கூப்பிடு தூரத்தில், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கறுப்புப் பாறை சுவர் மாதிரி நின்றது. அதன் கிழக்குப் புறம் காற்றே படாது. ஹுலைல் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை ராகானும் பார்த்துவிட்டான்.

"யப்பா, அது அந்தப் பக்கம்."

"கல்லுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எல்லாம் தெரியுமாடா? இருநூறு அடி. ருஜைம் இங்கேருந்து ஏழு கிலோமீட்டர். எவன் பாக்கப்போறான்?"

"வேண்டாம் யப்பா."

"அடுப்பு எரிய வேண்டாமா? வெறும் ரொட்டியைத் தின்னுட்டு உக்காரச் சொல்றியா?"

பையன் அதற்குமேல் பேசவில்லை. பேசியிருந்தால் அப்பன் கேட்டிருப்பானா என்பது வேறு விஷயம். அப்படி, ஆளைக் காட்டிக்கொடுக்காத அடுப்பு என்று தேடி வாங்கினதே அவர்களை ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கூடாரத்தைப் பிரித்து, வண்டியோடு அங்கேயே மாறிக்கொண்டார்கள்; பாறை மறைவில் அடுப்பு சமர்த்தாக எரிந்தது. யாரும் வரவில்லை. மறுநாள் காலை வரைக்கும் ஒரு ஈ காக்கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை நடுப்பகல் தொழுகை முடித்துவிட்டு ராகானும் அவ்வாதும் வடக்கே மணல்மேட்டுப் பக்கம் கமா தோண்டப் போனார்கள். கிளம்பும்போது ராகான் சிரித்தான். அவ்வாத் தன் செருப்பைப் பாம்பு என்று நினைத்து எட்டி உதைத்ததற்குத்தான் சிரித்தான். ஆனாலும் சிரித்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பல்லைப் பார்த்ததில் ஹுலைலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்றைக்குப் பிள்ளைகள் திரும்பி வரும்போது ஒழுங்கான காப்பி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசைதான், வேறென்ன!

அரவைக் குழாயில் கொட்டையைப் போட்டுச் சுற்றினார். லேசாக வறுத்த கொட்டை கல் மாதிரி இருக்கும். இது நகரத்துக்காரன் கருக்கி வறுக்கிற கொட்டைக்குச் செய்த சாமான். நாலு சுற்று சுற்றியது, நின்றது. இன்னும் பலமாகச் சுற்றினார். கைப்பிடி வளைந்து கையோடு வந்துவிட்டது. "நீயும் உன் மூஞ்சியும்," என்று அதைத் தூர எறிந்தார். கம்பளிச் சுருளைப் பார்த்தார்.

சத்தம் வராமல் இடிக்கலாம் என்றுதான் ஆரம்பித்தார். கம்பளியை நாலாக மடித்து அதன்மேல் உரலை வைத்தார். உலக்கையை மெல்ல இறக்கினார். கொட்டை நொறுங்கியது, அந்த வாசம் மூக்கில் ஏறியது. ஒரு வருஷத்துப் பட்டினி. கை அவரைக் கேட்டுக்கொண்டா இடித்தது? வயிற்றில் மூன்று, விளிம்பில் ஒன்று, மூச்சு, இரண்டு. வெண்கலம் கணீரென்று பாடியது. காற்று மேற்கிலிருந்து கிழக்கே, நேராக ருஜைமைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. பத்துப் பதினைந்து இடிக்குப் பிறகுதான் அவருக்குச் சுரணை வந்தது. உலக்கையைச் சட்டென்று தூக்கிப் பிடித்துக்கொண்டு செவியைத் தீட்டினார். தூரத்தில் எங்கேயோ ஆடுகளின் மணி கேட்டுக்கொண்டிருந்தது, அது நின்றது.

ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே பொடியைக் கெண்டியில் போட்டுக் கொதிக்கவிட்டார். ஏலக்காய் போட்டார். கிழக்கே பார்த்துக்கொண்டே போட்டதில் பாதி மணலில் விழுந்தது. கூடாரத்தைப் பிரித்துவிடலாமா, பிள்ளைகளைப் போய்க் கூட்டி வந்துவிடலாமா என்று நாலு தடவை எழுந்து நாலு தடவை உட்கார்ந்தார். ஆள் வந்து காப்பி இல்லாவிட்டால் என்ன செய்வது என்கிற நினைப்பும் கூடவே இருந்தது. உயிர் போகிற நேரத்திலும் எங்கள் ஆட்களுக்கு இந்தப் புத்தி போகாது.

காப்பி பொங்கி அடங்கிய நேரம், கிழக்கே புழுதி தெரிந்தது.

பழைய வெள்ளைப் பிக்கப் ஒன்று வந்து நாற்பது அடி தள்ளி நின்றது. முன் சீட்டிலிருந்து ஒருவர் இறங்கினார். முக்பில். தாடி முழுக்க வெளுத்திருந்தது; போன வருஷம் அது கறுப்பு. வண்டிக்குள் இரண்டு வாலிபர்கள் இருந்தார்கள், தாமிருக்கு இளையவர்கள். அவர்கள் இறங்கவில்லை. என்ஜினையும் நிறுத்தவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றார் முக்பில்.

ஹுலைல் கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கினார். எழுந்து நின்று பதில் சொன்னார். கம்பளியை உதறி விரித்தார். முக்பில் உட்கார்ந்தார்.

"கூப்பிட்டியே. வந்துட்டேன்."

"நான் கூப்பிடல, அபூ தாமிர்."

"உரல் கூப்பிட்டுச்சே. மூணு, ஒண்ணு, ரெண்டுன்னு இடிக்கிறவன் இந்தக் காட்டுல வேற எவன் இருக்கான்? இங்க கிட்டத்துல ஆட்டுப்பட்டியில நின்னுக்கிட்டிருந்தேன். அது காதுல விழுந்ததும் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? 'டேய் தாமிர், வாடா'ன்னு வந்துச்சு. சத்தமாவே சொல்லிட்டேன். பசங்க ரெண்டு பேரும் என்னைப் பாத்தானுங்க."

ஹுலைல் வண்டிப் பக்கம் கையைக் காட்டினார். "அவங்களையும் இறங்கச் சொல்லுங்க. காப்பி ரெடி."

"அவனுங்க காப்பிக்கு வரல," என்றார் முக்பில்.

ஹுலைல் இடது கையில் கெண்டியை எடுத்தார். முறைப்படி முதல் கிண்ணத்தைத் தானே குடித்துக் காட்டினார். எத்தனை நாள் ஏங்கிய காப்பி, மண்ணாங்கட்டியாகத்தான் இறங்கியது. அடுத்த கிண்ணத்தில் அடி மறையும் அளவுக்கு ஊற்றி நீட்டினார். முக்பில் வலது கையால் வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கம்பளியில் தன் முழங்காலுக்கு முன்னால் வைத்துவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டார்.

விருந்தாளி கிண்ணத்தைக் கீழே வைத்தால் அவன் ஒன்றைக் கேட்டு வந்திருக்கிறான் என்று பொருள். 'குடி, வந்த காரியம் உனக்கு ஆயிற்று' என்று வீட்டுக்காரன் சொல்ல வேண்டும். என்ன காரியம் என்று கேட்டுவிட்டுச் சொல்ல முடியாது. சொன்ன பிறகு இல்லை என்றும் சொல்ல முடியாது. சொல்லிவிட்டால் அவன் குடிப்பான். குடித்துவிட்டால் அவனும் அவன் பிள்ளைகளும் உன் மேல் கைவைக்க முடியாது. சொல்லாவிட்டால் எழுந்து போவான், போகிறவன் உனக்கு எந்த விதத்திலும் கடமைப்பட்டவன் இல்லை. அதுவும் ஓடைக்குக் கிழக்கே.

ஹுலைல் வடக்கே மணல்மேட்டைப் பார்த்தார். பையன் எந்த நிமிஷமும் அங்கே தலை காட்டலாம். வண்டியிலிருந்த இருவரும் அதே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன வேணும்னு சொல்லுங்க, அபூ தாமிர்."

"முதல்ல நீ சொல்லவேண்டியதைச் சொல்லு."

"லாரி வேணுமா, வித்துக் குடுத்துடறேன். என்னை வேணுமா, இதோ உக்காந்திருக்கேன். வண்டியில ஏறுன்னா ஏறிடறேன். அவன் ஒருத்தன்தான் எனக்கு."

"எனக்கு மூணு பேரு இருந்தானுங்க," என்றார் முக்பில். "காப்பி ஆறுது."

பிள்ளையைத்தான் கேட்கப் போகிறார், வேறென்ன கேட்பார் என்று ஹுலைலின் மனம் அடித்துக்கொண்டது. பிள்ளையைக் கேட்டால்? வாக்கைக் கொடுத்துவிட்டு இல்லை என்று சொல்கிற முதல் நாயாக நான் இருந்துவிட்டுப் போகிறேன் என்றுகூட நினைத்தார். ஆனால் சொல்லாவிட்டால் மேட்டில் தலை தெரிந்ததுமே முடிந்துவிடும்.

"குடிங்க, அபூ தாமிர். எதுக்கு வந்தீங்களோ அது உங்களுக்கு ஆச்சு."

முக்பில் தலையாட்டினார். கிண்ணத்தைத் தொடவில்லை. "உன் மகன் எனக்கு வேண்டாம். பயப்படாதே. உடனே செத்துட்டான்னு ஊரெல்லாம் சத்தியம் பண்ணினீங்க. அப்புறமா ஒரு ஆட்டுக்காரன் வந்து சொன்னான். அவன் பாத்தப்போ என் பிள்ளை உதடு அசைஞ்சுக்கிட்டு இருந்துச்சாம். உன் பையன் போயி கால் மணி நேரத்துக்கு அப்புறமும் அசைஞ்சுக்கிட்டு இருந்துச்சாம். அவன் என்ன சொன்னான்? எனக்கு அதுதான் வேணும். முழுசா வேணும்."

ஹுலைல் கிண்ணத்தைப் பார்த்தார். ஒரு வருஷமாக வழவழப்பாகச் சொல்லிவந்த பொய் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. அதைச் சொன்னால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆனால் கிண்ணம் அங்கே இருந்தது, வாக்கும் வெளியே வந்துவிட்டது. அவரால் முடியவில்லை.

"தண்ணி கேட்டான்," என்றார்.

"முழுசா," என்றார் முக்பில்.

"ராகான் எனக்குப் போன் பண்ணினான். உசிரோட இருக்கான், தண்ணி கேக்கிறான்னு சொன்னான். ரெண்டு தடவை சொன்னான். நான்தான் விட்டுட்டு ஓடுன்னேன். குடுக்கணும்னுதான் அவன் நின்னான். ஓட வச்சது நான்."

முக்பில் கம்பளிக்கு வெளியே கையை நீட்டி மணலை அள்ளி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"லாரி காலியா இருந்துச்சா?"

"இல்ல."

"எவ்வளவு?"

"பத்தாயிரம் லிட்டர்."

"பத்தாயிரம்," என்றார் முக்பில். யாரோ சந்தையில் சொன்ன விலையைத் திருப்பிச் சொல்கிற மாதிரி சொன்னார். மணலைக் கீழே விட்டார். கையை உடுப்பில் துடைத்தார். கிண்ணத்தை எடுத்து, ஆறிப்போன காப்பியை ஒரே வாயில் குடித்தார். குடிக்கத்தான் வேண்டும், கேட்டது கிடைத்துவிட்டதே. விழுங்கும்போது அவர் முகம் போன போக்கை ஹுலைலால் பார்க்க முடியவில்லை.

முக்பில் கையை ஊன்றி எழுந்தார். ஹுலைல் தாங்கப் போனார்.

"தொடாதே." தானே நின்றுகொண்டார். "நான் குடிச்சுட்டேன். என் பசங்க கையையும் அதோட கட்டியாச்சு. என் வீட்டு ஆம்பிளைங்க யாரும் உன் பிள்ளையைத் தொட மாட்டாங்க. ஆனா தாமிரோட உம்மா இருக்கா. எங்க போனேன்னு கேப்பா. அவன் என்ன சொன்னான்னு கேப்பா. முப்பது வருஷத்துல நான் அவகிட்டப் பொய் சொன்னதில்ல. அவ கூடப்பிறந்தவனுங்க நாலு பேரு, வேற குடும்பம், வேற ரத்தம். அவனுங்க யாரும் இந்தக் காப்பியைக் குடிக்கல. நான் வீடு போய்ச் சேர இருபது நிமிஷம் ஆகும். அதுக்குள்ள ஓடையைத் தாண்டிடு."

வண்டி திரும்பிப் போயிற்று. அது கண்ணுக்கு மறைவதற்குள் ஹுலைல் மணல்மேட்டைப் பார்த்து ஓடினார். எதிரே ராகானும் அவ்வாதும் தலைத்துணியில் கமாவைக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

"யாரு யப்பா வந்தது?"

"வண்டியில ஏறு. எல்லாத்தையும் போட்டுட்டு ஏறு."

"யாரு யப்பா?"

"முக்பில். சொல்லிட்டேன்."

"எதை?"

"தண்ணி கேட்டதை. தாமிரோட உம்மா கேட்டதும் அவர் சொல்லிடுவார், அந்தம்மா கூடப்பிறந்தவனுங்க வந்துடுவானுங்க."

ராகான் கையிலிருந்த துணி நழுவி விழுந்தது. கமா எல்லாம் உருண்டது. "நல்லதாப் போச்சு யப்பா," என்றான். அழுதான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அழுத மாதிரி வாயைத் திறந்து அழுதான். அவ்வாத் அவனைப் பிடித்து வண்டியில் ஏற்றி, தானும் ஏறினான். கூடாரத்தை, கெண்டியை, எதையும் யாரும் எடுக்கவில்லை. ஹுலைல்தான் ஓட்டினார். ஒரு வருஷமாக ராகான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

பாறையைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார்கள். மணலில் சக்கரம் புதைந்து வண்டி திணறியது. ஹுலைல் கியரைக் குறைத்தார்.

"நிறுத்துங்க யப்பா," என்றான் ராகான். "அந்த உம்மா கேக்கும்போது நான் அங்க இருக்கணும். நான்தான் சொல்லணும்."

"பைத்தியமாடா உனக்கு? இன்னும் நூறடி. தாண்டிட்டா உசிரு பிழைச்சுது."

"அன்னிக்கும் நீங்கதான் ஓடுன்னீங்க."

ஹுலைல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். சக்கரம் மணலைக் கிளறியது. கதவு திறந்த சத்தம் கேட்டது. அவ்வாத் எட்டிப் பிடிக்கப் பார்த்தும் சட்டை கையில் சிக்கவில்லை. பையன் இறங்கி, வந்த வழியே கரையேறி, கிழக்கே பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டான்.

"டேய்! ராகான்! ஓடிவாடா!" ஹுலைல் தொண்டை கிழியக் கத்தினார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"போய்த் தூக்கிட்டு வந்துடலாம் மச்சான், ரெண்டு பேரும் சேந்தா தூக்கிடலாம்," என்றான் அவ்வாத்.

ஹுலைல் மேற்குக் கரையைப் பார்த்தார். பையனின் முதுகைப் பார்த்தார். "நீ இறங்கு. ஜாமீன் பெரியவருக்குப் போன் போடு. சிக்னல் கிடைக்கிற வரைக்கும் மேற்குப் பக்கம் ஓடு," என்றார். அவ்வாத் இறங்கியதும் வண்டியைத் திருப்பினார்.

ராகான் வேகமாக நடக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. ஹுலைல் முதல் கியரில் அவன் பின்னாலேயே போனார். ஏறிக்கொள் என்றும் சொல்லவில்லை. முன்னால் வெகுதூரத்தில், ருஜைம் பக்கம், புழுதி கிளம்பியிருந்தது. ஒரு வண்டியா, இரண்டு வண்டியா, போகிறதா, வருகிறதா என்று அங்கிருந்து தெரியவில்லை.